மூன்று மடங்கு விலை

அத்தியாயம் 7

"ஆயிரத்து இருநூறு டாலர்!" என்று நான் கத்திய கத்தலில், கீழ்த்தளத்து பேக்கரிக்காரர் துடைப்பக் கட்டையால் எங்கள் தரையைத் தட்டினார்.

வியாழக்கிழமை காலை. சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குகிறது. விஸ்கான்சினின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில் இந்த வாரம் கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான்.

"பாஸ், இதைப் பாருங்க. பழைய பம்ப் ஷாட்கன். பின்கட்டையில விரிசல், குழல் மேல துரு. லைல் மாமா கடையில புத்தம் புதுசே நானூறுதான். இவன் மூணு மடங்கு கேக்கறான்! கீழே திமிரா ஒரு வரி வேற. 'பேரம் பேசுபவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். என்னிடம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.' என்ன இருக்கு? துரு இருக்கு!"

பாஸ் என்றால் வெர்னா ருஸ்டாட். ஷெரிஃப் அலுவலகத்தில் குற்றப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அவருடைய ஊழியர் படை முழுவதும் டென்னி பவெல்கா என்கிற நான்தான். அவர் அன்று காலை வாங்கிய புதுச் சீஸ் துண்டுகளை மென்றுகொண்டிருந்தார். புதுச் சீஸ் பல்லில் பட்டால் கீச்சென்று சத்தம் வரும். என் ஆவேசத்துக்கு அந்தக் கீச்சுதான் பதில்.

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. முன்பெல்லாம் இங்கே துப்பாக்கி வேண்டுமென்றால் லைல் கெஸ்னர் கடைக்குப் போவோம். ஊருக்கே அவர் லைல் மாமா. கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். குடித்திருக்கிறாயா, வீட்டில் சண்டையா, வேலை போய்விட்டதா, எல்லாம் அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "அடுத்த வாரம் வாடா" என்றால் அடுத்த வாரம்தான். என்னையும் ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறார். அன்று என் மைத்துனன் மேல் கொலைவெறியில் இருந்தேன், அவனுக்கு அது இன்றுவரை தெரியாது. இப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள்? போனில் ஒரு படம், எங்கேயோ ஒரு பார்க்கிங் இடம், கையில் ரொக்கம். எங்கள் மாநிலத்தில் தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் வாங்குபவனின் குற்றப் பின்னணியைப் பார்க்கக் கடையில் செய்கிற ரெக்கார்டு பரிசோதனைகூடக் கிடையாது. போதாக்குறைக்குப் பெருந்தொற்று வருடத்தில் விலை ஏறியதோ இல்லையோ, நிலவறையில் கிடந்த இரும்பெல்லாம் தங்கம் என்று ஒவ்வொருவனும் நம்பத் தொடங்கிவிட்டான்.

"கமெண்ட் போட்டிருக்கேன் பாஸ். 'இந்த விலைக்கு மானையும் நீங்களே சுட்டு, தோலுரிச்சு, வீட்டுல கொண்டுவந்து கொடுப்பீங்களா?' நாப்பது பேர் சிரிச்சிருக்காங்க."

"பார்த்தேன். அதுக்கு முன்னாடி போட்டது இன்னும் நல்லா இருந்துச்சு. விக்கிறவன் மூளைக்கு யாரோ பூட்டுப் போட்டு சாவியை ஏரியில எறிஞ்சுட்டாங்கன்னு."

"அதை நீங்க எங்க பார்த்தீங்க?"

"விளம்பரம் என்னோடது, டென்னி. துப்பாக்கி எங்க அப்பாவோடது. துருவும் சேர்த்து."

நான் போட்ட கமெண்ட்டுகளை அவசரமாக அழித்தேன். நாற்பது சிரிப்பும் சேர்ந்து போனது.

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டார். "கார்லா விட்மர் கேஸை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கார்லாவின் கணவன் ராய்ஸ் அவள் தாடையை உடைத்தான். நீதிபதி தடையாணை போட்டார்: அவன் அவளை நெருங்கக் கூடாது, துப்பாக்கி எதையும் தொடக் கூடாது. மான் சீசன் முடிவதற்குள் அவள் கதையை முடித்துவிடுவதாக ராய்ஸ் மதுக்கடையில் சொன்னான். கேட்டவர்கள் பலர். நீதிமன்றத்தில் வந்து சொல்லத் தயாராக ஒருவரும் இல்லை. "அவன் துப்பாக்கி தேடுறான்னு ஆதாரம் கொண்டாங்க, உள்ளே போடறோம்" என்றது ஷெரிஃப் அலுவலகம். அந்த ஆதாரத்துக்காகத்தான் கார்லா எங்களிடம் வந்திருந்தாள்.

"ஆனா இந்த வாரம் ஊர்ல இருக்கிற ஆம்பளை எல்லாம் துப்பாக்கி தேடுறான் பாஸ். இதுல அவன் ஒருத்தனை எப்படிப் பிரிக்கிறது?"

"விலையால. நீயே சொன்னியே, கடையில புதுசு நானூறு. பரிசோதனைக்குப் பத்து நிமிஷம். அப்புறம் ஆயிரத்து இருநூறு கொடுத்துத் துருவை வாங்க யார் வருவான்?"

"முட்டாள்."

"முட்டாளும் பேரம் பேசுவான். நம்ம ஊர்ல சவப்பெட்டிக்கே பேரம் பேசறாங்க. இதுவரைக்கும் வந்த மெசேஜ் எல்லாம் பேரம், இல்லேன்னா வசவு. வசவுல பாதி உன்னோடது."

"மன்னிச்சுக்கோங்க."

"பேரமே பேசாம வாங்க வர்றவனுக்குக் கடைக்குள்ள கால் வைக்க முடியாதுன்னு அர்த்தம்." போனை என் பக்கம் திருப்பினார். பெயரில்லாத, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து காலையில் வந்த செய்தி: *விலை சரி. இன்றைக்கே வேண்டும். ரொக்கம் தருகிறேன். கேள்வி எதுவும் வேண்டாம்.*

"மதியம் சீஸ் தொழிற்சாலை பார்க்கிங்ல வரச் சொல்லியிருக்கேன். அங்க கேமரா இருக்கு. விக்கப் போறதில்ல, வர்ற முகம் மட்டும் பதிவானா போதும். அதுக்கு முன்னாடி லைல் கடைக்குப் போய் ஒண்ணைச் சரிபார்த்துக்கணும்."

*

கடையில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள் நெரிந்தன. வாசலில் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் வெந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு காகிதம். வெர்னாவின் விளம்பரத்தை அச்செடுத்து, மேலே 'இவ்வாண்டின் மகா முட்டாள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வெர்னா அதை நிதானமாகப் படித்தார்.

"எழுத்து யாரோடது?"

"என்னோடதுதான்!" லைல் மாமா பெருமையாகச் சிரித்தார். "பார்த்தியா வெர்னா அக்கிரமத்தை? முகம் தெரியாம விக்கிறான், முகம் தெரியாம வாங்கறான். நான் ஒருத்தன் கையில துப்பாக்கியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி கண்ணைப் பார்ப்பேன். இவனுங்க பர்ஸைப் பார்க்கறானுங்க."

"அப்படிச் சொல்லுங்க மாமா!" என்றேன். எனக்கு இலவசமாக ஒரு பிராட்வர்ஸ்ட் கிடைத்தது.

"ராய்ஸ் விட்மர் துப்பாக்கி கேட்டு வந்தானா?" என்றார் வெர்னா.

"கேட்டாலும் விக்க முடியாதே. கம்ப்யூட்டர் விடாது." லைல் மாமா குரலைத் தாழ்த்தினார். "பாவம் வெர்னா, நல்ல பையன். பன்னெண்டு வயசுல அவனுக்குக் குறி பார்க்கக் கத்துக்கொடுத்தவன் நான். குடும்பம்னா நாலு சண்டை இருக்கும். போன வருஷம் எட்டுக் கிளைக் கொம்புள்ள மானை அடிச்சான். இந்த வருஷம் அதைவிடப் பெருசா அடிப்பான், பாரு."

கோட்டுப் பையிலிருந்து சீஸை எடுத்து மென்றுகொண்டிருந்த வெர்னாவின் கீச்சு நின்றது. சீஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவன் துப்பாக்கி எல்லாம் உன்கிட்டத்தானே இருக்கு?"

தடையாணை விழுந்தால் துப்பாக்கிகளை ஷெரிஃபிடம் கொடுக்கலாம், இல்லையென்றால் நீதிபதி ஒப்புக்கொள்ளும் ஒரு மனிதரிடம் கொடுத்து வைக்கலாம். ராய்ஸ் லைல் மாமாவின் பெயரைச் சொன்னான். நீதிபதி யோசிக்கக்கூட இல்லை. அவருடைய முதல் ரைஃபிளே லைல் மாமா கடையில் வாங்கியதுதான்.

"பின்னறையில பூட்டி வெச்சிருக்கேன். சாவி இங்க." கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார்.

"திற. ஒரு தடவை பார்த்துக்கறேன்."

ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் திரும்பின. லைல் மாமாவின் காது சிவந்தது.

"முப்பது வருஷமா இந்தக் கவுண்ட்டர்ல நிக்கறேன். என் வார்த்தை போதாதா உனக்கு?"

எனக்கு மானம் போனது. வாயில் அவருடைய பிராட்வர்ஸ்ட் வேறு. "பாஸ், லைல் மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். வாங்க, நேரமாச்சு" என்று வெர்னாவின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சம்பள உயர்வுக்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் வந்தார்.

*

பார்க்கிங் இடத்தின் ஓரத்தில் என் ட்ரக்குக்குள் காத்திருந்தோம். ராய்ஸின் கறுப்பு ட்ரக்கை எதிர்பார்த்தேன். வந்தது ஒரு பழைய சின்னக் கார். குல்லாயை முகம் மறைய இழுத்துவிட்ட உருவம் ஒன்று இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தது.

"ஆளை அனுப்பியிருக்கான் பாஸ்."

வெர்னா இறங்கி நேராக அந்த உருவத்திடம் போனார். நான் பின்னால் ஓடினேன். குல்லாய் விலகியது.

கார்லா.

முதலில் வெடித்தது அவள்தான்.

"நீங்களா? அந்த அநியாய விலைக்காரி நீங்களா? என் ஒரு மாசச் சம்பளத்தை எடுத்துட்டு வந்திருக்கேன்!"

"அது ராய்ஸுக்காக விரிச்ச வலை, கார்லா. நீ எதுக்கு வந்தே? உனக்குத் தடை எதுவும் இல்லையே. லைல் கடையில மூணுல ஒரு பங்கு விலைக்கு..."

"லைல் மாமா கடையிலயா?" அவள் சிரித்தாள். சரியாக ஒட்டாத தாடை ஒரு பக்கம் இழுத்தது. "நான் அந்தக் கதவைத் திறந்து மூடறதுக்குள்ள ராய்ஸுக்கு போன் போயிருக்கும். 'உன் பொண்டாட்டி வந்திருக்காடா, என்ன பண்ணட்டும்?'னு. ஊர்ல எந்தக் கவுண்ட்டர்ல நின்னாலும் அதே கதைதான். எனக்கு முகம் தெரியாதவன்தான் வேணும். அதுக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுத்துத்தானே ஆகணும்?"

கடைக்குள் கால் வைக்க முடியாதவர். வெர்னாவின் கணக்கு சரியாகத்தான் வேலை செய்திருந்தது. வேறு ஆளைப் பிடித்திருந்தது.

"இவ்வளவு நாள் இல்லாம இன்னைக்கு என்ன அவசரம்?" என்றார் வெர்னா.

"நேத்து சாயங்காலம் அவன் ட்ரக் என் வீட்டுப் பக்கம் மெதுவா ஊர்ந்து போச்சு. பின் கண்ணாடியில அவனோட ரைஃபிள் தொங்குது."

"அவனோடதுதானா?"

"அதோட தோள்வாரை நான்தான் தைச்சேன். கல்யாணம் ஆன முதல் கிறிஸ்துமஸுக்கு. சிவப்பு நூல். நான் தைச்சதை எனக்குத் தெரியாதா? உடனே ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி ஹால்வர்சனைக் கூப்பிட்டேன். 'மான் சீசன் வருதும்மா, எல்லார் வண்டியிலயும்தான் தொங்குது. படம் எடுத்தியா?'ன்னு கேக்கறான். படம்! தரையில குப்புறப் படுத்துக் கிடந்தேன், நான் படம் எடுக்கறேனா?"

"எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்களும் ஆதாரம் கேப்பீங்க. கேப்பீங்களா மாட்டீங்களா?"

வெர்னாவின் முகம் வெளுத்தது. கோபம் வந்தால் மற்றவர்களுக்கு முகம் சிவக்கும். அவருக்கு வெளுக்கும்.

"துப்பாக்கி தொடக் கூடாதவன் எட்டுக் கொம்புக்கு மேல எதால அடிப்பான், டென்னி? கல்லாலயா?"

லைல் மாமா கழுத்துச் சங்கிலியில் தூக்கிக் காட்டிய சாவி எனக்கு நினைவுக்கு வந்தது.

"வண்டியை எடு."

*

லைல் மாமா கடையின் 'மூடியுள்ளது' பலகையை வெர்னாவே திருப்பி வைத்தார். ஆரஞ்சுச் சட்டைகளை வெளியே அனுப்ப அவருக்கு ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. அதை இங்கே அச்சிட முடியாது. கார்லா கதவோரம் நின்றாள்.

"திற, லைல்."

இந்த முறை அவர் வாதாடவில்லை. பின்னறையில் ராய்ஸின் பெயர் எழுதிய அடுக்கில் ஓரிடம் காலியாக இருந்தது.

"விக்கல வெர்னா. சத்தியமா ஒரு காசு வாங்கல. ஒரு வாரத்துக்குத்தான் கேட்டான். சீசன் முடிஞ்சதும் கொண்டுவந்து வெச்சுடறேன்னான். முதல் நாள் காட்டுல இல்லேன்னா ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அழுதுட்டான் பையன்."

"வித்திருந்தா கம்ப்யூட்டராவது கூடாதுன்னு சொல்லியிருக்கும்."

"நான் அவன் கண்ணைப் பார்த்தேன்! எனக்கு ஆளைத் தெரியும்."

"என் கண்ணைப் பார்த்தீங்களா மாமா?" என்றாள் கார்லா.

அவர் அப்போதும் பார்க்கவில்லை. கவுண்ட்டரின் கண்ணாடியைப் பார்த்தார்.

"என் கல்யாணத்துல நீங்கதான் முதல் டான்ஸ் ஆடினீங்க. என் தாடைக்கு ஆஸ்பத்திரியில கம்பி கட்டினப்போ ஊர்ல எல்லாரும் சூப் கொண்டு வந்தாங்க. நீங்களும் கொண்டு வந்தீங்க. அப்புறம் நேரா வந்து அவனுக்கு சீசன் போயிடுமேன்னு வருத்தப்பட்டீங்களா?"

எனக்கு அந்த மனிதரைக் கவுண்ட்டர் தாண்டிச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. என்னையும் யாராவது சேர்த்து உலுக்கியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தவன் நான்தானே.

வெர்னா கடை போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "கூப்பிடு. குறி பார்க்கற ஸ்கோப்பைப் பிடிக்கிற திருகு அந்த வகை ரைஃபிள்ல தளர்ந்து போகுதாம், கம்பெனியில இருந்து சொல்லியிருக்காங்க, கொண்டு வந்தா பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தரேன்னு சொல்லு. வேற யார் கூப்பிட்டாலும் வரமாட்டான். நீ கூப்பிட்டா வருவான்."

"என்னால முடியாது வெர்னா. என் பையன் மாதிரி அவன்."

"சரி. அப்ப இவளுக்கு ஒரு துப்பாக்கி எடுத்துக் கொடு. அதோ, அந்த ஷாட்கன். இவ ராத்திரியெல்லாம் கதவைப் பார்த்து உக்காரட்டும். ரெண்டு பேருக்கும் உன் கையாலயே கொடுத்த மாதிரி இருக்கும்."

லைல் மாமா போனை எடுத்தார். குரல் நடுங்கவில்லை, அதற்காக மட்டும் அவரைப் பாராட்டுவேன். "டேய் ராய்ஸ், மாமாடா..."

கார்லாவை பேக்கரிக்குப் பின்னால் என் ட்ரக்கில் உட்காரவைத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்தேன். வெர்னா கூப்பிட்ட டெபுடி ஹால்வர்சனும் அதற்குள் வந்திருந்தான். வேலையில் சேர்ந்த காலத்தில் வெர்னாவிடம் பயிற்சி பெற்றவன். வெர்னா அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "படம் கேட்டியாமே. நேர்லயே பாரு." அவன் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். நான் மீன் தூண்டில்களுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒரு கொக்கி என் காதைப் பிடித்துக்கொண்டது. வீரத்தில் இதெல்லாம் சகஜம்.

ராய்ஸ் வந்தான். தோளில் ரைஃபிள், கையில் டோனட் பெட்டி. சிரித்த முகம். எவரும் மகளைக் கொடுக்கும் முகம்.

"உங்களுக்குப் பிடிச்ச ஆப்பிள் டோனட் மாமா." ரைஃபிளைக் கழற்றிக் கவுண்ட்டர் மேல் வைத்தான். தோள்வாரில் சிவப்பு நூல் தெரிந்தது.

ஹால்வர்சன் வெளியே வந்தான். இரண்டு நொடியில் முடிந்தது. ராய்ஸ் முரண்டு பிடிக்கவில்லை, சிரிப்பையும் நிறுத்தவில்லை.

"என்னப்பா இது? வேட்டைக்குத்தானே மாமா கொடுத்தாரு? சொல்லுங்க மாமா."

"ஆமா, வேட்டைக்குத்தான்..." என்று லைல் மாமா தொடங்கினார்.

"மான் லைசன்ஸ் எங்க?" என்றார் வெர்னா.

ராய்ஸின் சிரிப்பு முதல் முறையாக நின்றது.

எங்கள் ஊரில் பல் விளக்க மறப்பவன் இருக்கலாம். நவம்பரில் மான் லைசன்ஸ் வாங்க மறப்பவன் இல்லை. ஹால்வர்சன் அவன் பைகளைத் துழாவினான். பர்ஸ், சாவி, ஒரு கைப்பிடித் தோட்டா. பிறகு வயர்லெஸ்ஸில் அலுவலகத்தைக் கேட்டான். பதில் கடை முழுக்கக் கேட்டது: அந்தப் பெயரில் இந்த வருடம் லைசன்ஸ் எதுவும் வாங்கப்படவில்லை.

"நான்தானேடா வருஷா வருஷம் உனக்கு லைசன்ஸ் போட்டுத் தருவேன்?" லைல் மாமாவின் குரல் கீழே போய்விட்டது. "இந்த வருஷம் வரலையேன்னு... நீயா போன்ல வாங்கியிருப்பேன்னு நினைச்சேன். லைசன்ஸ் இல்லாம காட்டுக்கு... எதைச் சுடப் போனேடா நீ?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த லைல் மாமாவை ராய்ஸ் நேராகப் பார்த்தான். நல்ல, தெளிவான கண். அதில் ஒன்றும் தெரியவில்லை.

ஹால்வர்சன் அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனான். வெர்னா சுவரிலிருந்து அந்த விளம்பரக் காகிதத்தைக் கிழித்து, எழுத்து மேலே தெரியும்படி லைல் மாமாவின் முன்னால் வைத்தார். "உனக்கும் கோர்ட்டுல இருந்து அழைப்பு வரும், லைல்."

"வரட்டும்" என்றார் அவர். டோனட் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

*

கார்லாவிடம் சொன்னோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்ப வெளியே விடுவாங்க?"

"ஜாமீன் கேக்கணும்னா நீதிபதி வேணும்" என்றார் வெர்னா. "இன்னைக்கு மதியமே மான் கேம்ப்புக்குக் கிளம்பிட்டாரு. திங்கக்கிழமைதான் திரும்புவாரு. அதுக்குள்ள லைசன்ஸ் விஷயமும் தோட்டாவும் வழக்குல ஏறிடும். சுலபமா விடமாட்டாங்க."

"திங்கக்கிழமை வரைக்கும் நிச்சயமா?"

"நிச்சயமா."

இந்தப் பாழாய்ப்போன சீசன் அவளுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். எனக்கு அதை வைத்து ஒரு நகைச்சுவை தோன்றியது. விழுங்கிவிட்டேன்.

அவள் காரைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அவளை என் ட்ரக்கிலேயே வீட்டுக்கு அழைத்துப் போனோம். முன் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பால் பண்ணைத் திருப்பம் வருவதற்குள் அவள் தலை வெர்னாவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை நாள் தூக்கமோ, பாறை மாதிரி விழுந்திருந்தாள்.

அவள் வீடு வந்தது. வண்டியை மெதுவாக்கினேன். வெர்னா என்னைப் பார்த்து, போ என்று விரலை மட்டும் அசைத்தார். போனேன். ஏரியைச் சுற்றினேன். எதிரே ஆரஞ்சுச் சட்டைகளை ஏற்றிய ட்ரக்குகள் கேம்ப்புகளை நோக்கி வரிசையாக வந்தன. எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். கையசைத்து ஹார்ன் அடித்தார்கள். நான் ஒருவனுக்கும் திருப்பி அடிக்கவில்லை.

பெட்ரோல் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாள். மேடு பள்ளம் இல்லாத சாலை எது என்று யோசித்தபடி, இன்னொரு முறை ஏரிப் பக்கம் திருப்பினேன்.